கனடாக் கமராவும் நம் ஊர் விளக்கும்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வரும் மாமாவின் பெட்டியில் சொக்லேட்டுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவே, துவாயில் சுற்றிய ஒரு வீடியோ கமரா இருக்கும். "அங்கே மலிவாகப் போட்டிருந்தார்கள், நீதானே படம் எடுத்துத் திரிகிறாய்" என்று கையில் தருவார். மறுக்க முடியுமா? திருகோணமலையில் கல்யாணவீடு, சாமத்தியவீடு, கோயில் திருவிழா என்று படம் எடுக்கிற எனக்கு இப்படி வந்து சேர்ந்த கமராக்கள் மூன்று. அவற்றோடு பட்ட பாட்டை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் கமராவில் எது தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேரே போகலாம். ஆனால் அதற்கு முன் கமரா எந்த இனம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

இனம் இரண்டு. நம் நாட்டில் 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாஹினியும் வந்தபோது எடுத்துக்கொண்டது 'பால்' முறை. கறக்கிற பால் அல்ல. ஜேர்மனியில் பிறந்த வண்ண ஒளிபரப்பு முறை. படத்துக்கு 625 கோடுகள், செக்கனுக்கு 25 பிரேம்கள், அதாவது 25 தனிப் படங்கள். வட அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இருந்தது என்.ரி.எஸ்.சி.; 525 கோடுகள், செக்கனுக்கு 29.97 பிரேம்கள். வேடிக்கை என்னவென்றால் ரூபவாஹினி நிலையம் ஜப்பானின் உதவியில் கட்டப்பட்டது, ஆனால் ஜப்பானின் முறை இங்கே வரவில்லை.

வண்ண முறையும் கோடுகளும் பழைய கதையாகிவிட்டன. இன்று கடையில் வாங்கும் கமராவில் இந்த வேறுபாடு 50, 60 என்ற இரண்டு எண்களாகச் (25, 30 ஆகியவற்றின் இரட்டிப்பு) சுருங்கி நிற்கிறது. கமராவின் பதிவுத் தர மெனுவைத் திறந்தால் 50ஐ (50i), 50பி (50p), 25பி (25p) என்று காட்டினால் அது நம் இனம். 60ஐ (60i), 60பி (60p), 30பி (30p) என்று மட்டும் காட்டினால் கனடா இனம். பெட்டியில் எழுதியிருப்பதைவிட, விற்பவர் சொல்வதைவிட இந்த மெனுவே சாட்சி.

மெனுவைத் திறக்க வழியில்லாவிட்டால் பெயரைப் பாருங்கள். சோனி ஹேண்டிகேம்களில் மாதிரி எண்ணின் கடைசியில் 'ஈ' எழுத்து இருந்தால் பெரும்பாலும் 50. கெனன் கமராவில் 'லெக்ரியா' என்றிருந்தால் பெரும்பாலும் 50. 'விக்சியா' வட அமெரிக்காவுக்கும் 'ஐவிஸ்' ஜப்பானுக்கும் செய்யப்பட்டவை, இரண்டும் 60. இலண்டன், பாரிஸ், சூரிச், மெல்பேர்ன், டுபாய், சிங்கப்பூர் ஆகிய இடங்களிலிருந்து வருபவை 50. பிரான்ஸ் ஒளிபரப்புக்கு வேறொரு வண்ண முறையை வைத்திருந்தாலும் அங்கு விற்ற டிஜிட்டல் கமராக்கள் நமக்குப் பொருந்தும். கனடா, அமெரிக்கா, ஜப்பான், கொரியா, தாய்வான் என்றால் கவனம்.

மண்டபத்துக்குள் படம் துடிக்கிறது. கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஊர்கின்றன

இன்றைக்கு ஆட்களை அதிகம் அலைக்கழிப்பது இந்த நோய்தான். இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

என் அக்காவின் மகளுடைய சாமத்தியவீட்டில் மாமாவின் கமராவை முதன்முதலாகக் கையில் எடுத்தேன். காலையில் வீட்டு முற்றத்தில் தண்ணீர் வார்த்தபோது படம் கண்ணாடிபோல் இருந்தது. மாலையில் மண்டபத்துக்குள் போனதும் சின்னத் திரையிலேயே ஏதோ நடுங்குவதுபோல் இருந்தது. களைப்பில் கண்தான் ஏமாற்றுகிறது என்று விட்டுவிட்டேன். இரவு கணினியில் போட்டுப் பார்த்தால், ஆரத்தி எடுக்கும் பெண்களின் முகங்களில் வெளிச்சம் படபடவென்று அடித்துக்கொள்கிறது. பின்சுவரில் மங்கலான பட்டைகள் ஊர்ந்துகொண்டிருக்கின்றன. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அத்தான்தான், "விளக்குக்குள் பூச்சி பறந்ததோ?" என்று கேட்டார்.

காரணம் கமராவில் இல்லை, கரண்டில் இருக்கிறது. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 50 அலை; ஓர் அலைக்கு இரண்டு துடிப்பு. அதில் எரியும் ரியூப் விளக்கும் மலிவான எல்.ஈ.டி. விளக்கும் செக்கனுக்கு 100 தடவை மங்கி மங்கி ஒளிர்கின்றன. கண்ணுக்குத் தெரியாது. கனடாக் கமராவோ செக்கனுக்கு 60 படம் எடுக்கிறது. ஒரு படத்துக்குள் ஒன்றே முக்கால் துடிப்புக்குச் சற்றுக் குறைவாக விழுகிறது. அடுத்த படத்தில் அந்தத் துண்டு வேறு இடத்திலிருந்து தொடங்குகிறது. ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கும் வெளிச்சத்தின் அளவு மாறிக்கொண்டே போய், செக்கனுக்கு ஏறக்குறைய 20 தடவை படம் துடிக்கிறது. 50 கமராவில் ஒவ்வொரு படத்துக்கும் சரியாக இரண்டு துடிப்பு. அதனால் அங்கே வழக்கு இல்லை.

மருந்து: ஷட்டர் வேகத்தை, அதாவது ஒரு படத்துக்குக் கமரா வெளிச்சம் வாங்கும் நேரத்தை, கையால் 1/100 செக்கனில் வையுங்கள். அப்போது ஒவ்வொரு படத்துக்குள்ளும் முழுதாக ஒரு துடிப்பு விழும், துடிப்பு நின்றுவிடும். 30பியில் பதிவு செய்கிறீர்கள் என்றால் 1/50கூடச் சரி. 60இல் 1/50க்கு இடமில்லை, ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரமே 1/60தான். 1/100க்குப் போனால் வெளிச்சம் குறையும், கமரா தானாகவே உணர்திறனைக் கூட்டும், இருட்டு மூலைகளில் மணல் தூவியதுபோல் தெரியும். துடிப்பைவிட மணல் மேல்.

சின்னக் கமராக்கள் சிலவற்றில் ஷட்டரைக் கையால் மாற்ற வழியே இருக்காது. மெனுவில் ஒளித்துடிப்புக் குறைப்பு என்ற பொருளில் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள்; இருந்தால் 50ஐத் தெரிவு செய்யுங்கள். கோப்ரோ கமராவில் இந்தத் தெரிவு தெளிவாகவே இருக்கிறது. விளையாட்டுக் காட்சி என்ற தெரிவைமட்டும் மண்டபத்துக்குள் தொடவேண்டாம். அது ஷட்டரை இன்னும் வேகமாக்கி நோயைப் பெருக்கும்.

1/100இல் வைத்தும் பட்டை ஊர்கிறதா? அப்படியானால் விளக்கு மின்பிறப்பாக்கியில் எரிகிறதா என்று பாருங்கள். சிவராத்திரிக்குப் பின் கோணேசப் பெருமான் நகர்வலம் வரும் இரவுகளில் இதை நான் நன்றாகவே அனுபவித்திருக்கிறேன். வீதி விளக்கின் கீழ் படம் சுத்தமாக இருக்கும். மின்பிறப்பாக்கியில் எரியும் அலங்கார விளக்குகள் பக்கத்தில் வந்ததும் பட்டை தலைகாட்டும். இயந்திரம் சற்று வேகமாக ஓடினால் அதன் மின்சாரம் 50ஐத் தாண்டிவிடும், நம் கணக்கும் பிழைத்துவிடும். அங்கே 50 கமராவும் தப்பாது. மண்டப மேடைகளில் மங்கவைக்கிற எல்.ஈ.டி. விளக்குகள் இன்னொரு தலையிடி: அவை மின்சாரத்தின் தாளத்தில் அல்லாமல் தங்கள் சொந்தத் தாளத்தில் அணைந்து எரிகின்றன. விளக்குக்காரரிடம் முழு வெளிச்சத்தில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் திரையைப் பார்த்துக்கொண்டே ஷட்டரை ஒவ்வொரு படியாக நகர்த்தி, பட்டை குறைவாகத் தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள்.

எடுத்து முடித்த படத்தில் துடிப்பை நீக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. முழுப் படமும் ஒரேயடியாகத் துடித்தால் ஓரளவு அடங்கும். பட்டை ஊர்ந்தால் எளிதில் மசியாது. அக்கா வீட்டுப் படத்தில் ஆரத்தியைக் கறுப்பு வெள்ளையாக்கி, மெதுவாக ஓடவிட்டுத் தப்பினேன். 'கலை' என்று சொல்லிக்கொண்டேன்.

படம் கறுப்பு வெள்ளையாகத் தெரிகிறது, அல்லது உருண்டுகொண்டே போகிறது

பழைய பெட்டித் தொலைக்காட்சியில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர் மூலம் கமராவைப் பொருத்தும்போது வருவது. உருண்டால், பெட்டியால் 60இன் ஓட்டத்தைப் பிடிக்க முடியவில்லை. நின்று, ஆனால் நிறமில்லாமல் தெரிந்தால், ஓட்டத்தைப் பிடித்துவிட்டது, வண்ண முறைதான் விளங்கவில்லை. தொலைக்காட்சியின் மெனுவில் வண்ண முறையைத் தானியங்கி என்பதில் போட்டுப் பாருங்கள். அதிலும் வராவிட்டால் என்.ரி.எஸ்.சி. 3.58. அதன் அருகிலேயே 4.43 என்றும் இருக்கும். அது பால் இயந்திரத்தில் என்.ரி.எஸ்.சி. கசற் போடும்போது உதவுவது. கனடாக் கமராவை நேரே பொருத்தினால் 3.58தான்.

தட்டைத் திரைத் தொலைக்காட்சியில் நிறம் போனால் பழியை உடனே கமராமீது போடாதீர்கள். பல பெட்டிகளில் மஞ்சள் வயருக்குத் தனித் துளை கிடையாது, பச்சைத் துளையையே பகிர்ந்துகொள்கிறது. தொலைக்காட்சியில் 'கொம்பொனன்ட்' உள்ளீட்டைத் தெரிவு செய்திருந்தால் எந்த நாட்டுக் கமராவும் கறுப்பு வெள்ளையாகத்தான் தெரியும். 'ஏவி' என்பதை அழுத்தினால் நிறம் திரும்பிவிடும். இந்த ஒரு பொத்தானுக்காகக் கமராவை மடியில் வைத்துக்கொண்டு கிண்ணியாவிலிருந்து பஸ் ஏறி என்னிடம் வந்தவர் உண்டு.

படமே வராமல் ஒலிபெருக்கியில் இரைச்சல் மட்டும் கேட்டால், கடையில் தனியாக வாங்கிய வயராக இருக்கும். கமராப் பக்கம் ஒற்றை முனையும் மறுபக்கம் மூன்று நிறங்களும் கொண்ட வயரில் உள்ளிணைப்பு ஒழுங்கு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். மஞ்சளைக் கழற்றி, சிவப்பை மஞ்சள் துளையில் செருகிப் பாருங்கள். பல தடவை அதிலேயே படம் வந்துவிடும்.

கசற் ஓடுகிறது, திரை நீலமாகவே இருக்கிறது

மினி டீவி (Mini DV) என்ற சிறு டிஜிட்டல் கசற் வெறுமையாக இருக்கும்வரை அதற்கு நாடு கிடையாது. ரொறன்ரோவில் வாங்கிய 60 நிமிடக் கசற் இங்குள்ள கமராவிலும் 60 நிமிடமே ஓடும். பதிவு செய்தபின்தான் அது 50 அல்லது 60 ஆகிறது. 60இல் பதிவான கசற்றைப் பல 50 கமராக்கள் காட்டாது. நீலத்திரையோ சதுரக் கட்டங்களோதான் வரும். சோனியின் சில பால் மாதிரிகளில் என்.ரி.எஸ்.சி. கசற்றைப் போட்டுப் பார்க்க மெனுவில் ஒரு தெரிவு உண்டு. இல்லாவிட்டால் பதிவு செய்த கமராவையே தேடவேண்டும், அல்லது அதே இனத்தில் இன்னொன்றை இரவல் கேட்கவேண்டும்.

கட்டம் கட்டமாக வருவதற்கு வேறு காரணங்களும் உள்ளன. புதுக் கசற்றில் ஒரு நிமிடம் பதிவு செய்து, அதே கமராவில் திருப்பிப் போடுங்கள். அதிலும் கட்டம் விழுந்தால் கமராவில் நாடாவைப் படிக்கும் தலை அழுக்காகியிருக்கிறது. சுத்தமாக இருந்தால் பிழை கசற்றில்: ஒன்று இனம் வேறு, அல்லது 60 நிமிடக் கசற்றை 90 நிமிடமாக நீட்டும் மெது ஓட்டத்தில் பதிவு செய்திருக்கிறார்கள். மெது ஓட்டத்தில் எடுத்ததைப் பெரும்பாலும் எடுத்த கமரா மட்டுமே ஒழுங்காகப் படிக்கும்.

பெரிய வி.எச்.எஸ். கசற்றுகளில் இ-180, டி-120 என்று எழுதியிருப்பது அந்தந்த முறையில் ஓடும் நிமிடங்கள். கனடாவின் டி-120 நம் இயந்திரத்தில் மூன்று மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும், ஏனென்றால் பால் இயந்திரம் நாடாவை மெதுவாக இழுக்கிறது.

நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை. கடற்காற்றும் மாரி ஈரமும் பட்ட கசற்றை அப்படியே கமராவுக்குள் தள்ளாதீர்கள். மூடியைத் தூக்கி நாடாவின் ஓரத்தை வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அது பூஞ்சணம். ஒரு தடவை ஓடினால் தலைக்கும் தொற்றி, அடுத்தடுத்துப் போடும் கசற்றுகளுக்கும் பரவும். குளிரூட்டிய விடுதி அறையிலிருந்து நேரே நிலாவெளி வெயிலுக்குக் கமராவைக் கொண்டுபோனாலும் உள்ளே நீர் வியர்த்து, ஈர எச்சரிக்கை காட்டி நின்றுவிடும். பைக்குள் மூடியபடியே ஒரு மணித்தியாலம் விட்டுப் பிறகு எடுங்கள்.

கசற்றைக் கணினிக்கு ஏற்றும்போது அது பிறந்த முறையிலேயே ஏற்றுங்கள்: என்.ரி.எஸ்.சி. என்றால் 720க்கு 480, பால் என்றால் 720க்கு 576. இரண்டும் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 13 கிகாபைட் இடம் பிடிக்கும். ஏற்றும்போதே மாற்றிவிடலாம் என்று ஆசைப்படுபவர்கள் மூலத்தை இழக்கிறார்கள்.

இறுவட்டு ஓடவில்லை

உடனே பிராந்தியக் குறியீடு (தட்டு எந்தப் பகுதி நாடுகளில் ஓடலாம் என்ற பூட்டு) என்பார்கள். அது கடையில் விற்கும் திரைப்படத் தட்டுகளுக்கு உரியது. வீட்டில் எடுத்த தட்டில் அது கிடையாது. இறுவட்டுக் கமராவில் எடுத்ததென்றால், பதிவை முடித்து மூடும் கட்டளை கொடுக்கப்பட்டதா என்று முதலில் பாருங்கள். அது கொடுக்காத தட்டை வேறு இயந்திரங்கள் வெறுந்தட்டாகவே நினைக்கும். அந்தக் கட்டளையை எடுத்த கமராவிலேயே கொடுப்பது நல்லது. எட்டு சென்ரிமீற்றர் சிறுதட்டை வாய் உறிஞ்சும் வகை இயந்திரத்தில் ஒருபோதும் போடாதீர்கள், திரும்பி வராது. இங்கு செய்த பால் தட்டு கனடாவின் பல இயந்திரங்களில் ஓடாது. அங்கிருந்து வரும் தட்டு இங்கு பெரும்பாலும் ஓடிவிடும். அங்கே அனுப்புவதற்குத் தட்டு செய்யவே வேண்டாம், கோப்பாக அனுப்புங்கள். கணினிக்கும் கைப்பேசிக்கும் 25ம் ஒன்று, 30ம் ஒன்று.

இரண்டு கமராப் படத்தைச் சேர்த்தால் ஒன்று வெட்டி வெட்டிப் போகிறது

50 கமரா ஒன்றும் கனடாக் கமரா ஒன்றும் வைத்து ஒரே கல்யாணத்தை எடுத்தால் இது நிச்சயம். 30 பிரேமை 25க்குள் அடக்க மென்பொருள் செக்கனுக்கு ஐந்து பிரேமை எறிகிறது. மணமேடையில் அசையாமல் நிற்பவர்களில் தெரியாது. பத்திரகாளி அம்பாளின் தேரை இடமிருந்து வலமாக மெதுவாகத் தொடர்ந்து பாருங்கள், தேர் தட்டுத்தட்டாக நகரும்.

எந்த இனத்தில் அதிக நேரம் எடுத்தீர்களோ அதையே தொகுப்பின் வேகமாக வையுங்கள். மற்றதில் கமரா அசையாத துண்டுகளை மட்டும் பொறுக்குங்கள். அடுத்த முறை எல்லாவற்றையும் 25இலோ 50இலோ எடுங்கள். ஐபோனில் அமைப்புகளுக்குள் கமரா, வீடியோப் பதிவு என்று போனால் பால் வடிவங்களைக் காட்டும் தெரிவு இருக்கிறது. அதை இயக்கினால் 25 பிரேம் வரும்.

நேரம் போகப்போக ஒலியும் உதடும் விலகினால், 29.97 பிரேமை யாரோ 30 என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். வேறுபாடு ஆயிரத்தில் ஒன்றுதான். ஆனால் ஒரு மணித்தியாலத்தில் 3.6 செக்கன் ஆகிவிடும். ஐயர் மந்திரத்தை முடித்தபிறகும் வாய் அசைந்துகொண்டிருக்கும். கைப்பேசிக் கோப்பில் விலகினால் வேறு காரணம்: பல கைப்பேசிகள் வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பதிவு செய்கின்றன. ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் மாறா வேகத்துக்கு மாற்றிவிட்டுத் தொகுப்பில் சேருங்கள்.

அட்டையில் பதிவு செய்ய முடியாது என்கிறது

சோனியின் பல புதிய கமராக்களில் பால், என்.ரி.எஸ்.சி. இரண்டுக்கும் மாறும் தெரிவு இருக்கிறது. மாற்றினால் நினைவக அட்டையை அழித்துப் புதிதாக்கச் சொல்லும். சம்மதிக்குமுன் அட்டையில் என்ன இருக்கிறது என்று யோசியுங்கள். என் நண்பர் ஒருவர் நல்லூர்த் திருவிழாப் படத்தை வைத்துக்கொண்டே 'சரி'யை அழுத்தினார். ஓர் இனத்துக்கு ஓர் அட்டை, அதில் பேனாவால் 50, 60 என்று எழுதி வைத்தால் போதும்.

மின்னேற்றி

செருகுவதற்கு முன் அடியிலுள்ள எழுத்தைப் படியுங்கள். 100 முதல் 240 வோல்ட், 50/60 ஹேர்ட்ஸ் என்றிருந்தால் முனையை மட்டும் மாற்றிச் செருகலாம். 120 என்றோ, ஜப்பான் பொருளில் 100 என்றோ மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட்டில் புகைதான் வரும். முனை மாற்றி வோல்ட்டை மாற்றாது. இதைப் பத்துப் பேருக்குச் சொல்லியிருப்பேன், இரண்டு பேர் கேட்கவில்லை.

நேரலையில் ஒரு கமரா மட்டும் கறுப்பாக இருக்கிறது

பல கமராக்களை ஒன்றாக இணைத்து மாற்றிக் காட்டும் பழைய வீடியோ மிக்சர்கள் எல்லா உள்ளீடுகளும் ஒரே வேகத்தில் வரவேண்டும் என்று அடம்பிடிக்கும். 50க்கு அமைத்த மிக்சரில் 60 கமரா கறுப்பாகவே தெரியும். புதிய சிறு மிக்சர்களில் பல தாமாகவே மாற்றிக்கொள்கின்றன. எச்.டி.எம்.ஐ. வயரை மாற்றி மாற்றிச் செருகி நேரத்தைக் கொல்லாமல், முதலில் கமராவின் வெளியீட்டு வேகத்தைப் பாருங்கள்.

இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால்

படம் யாருக்குப் போகிறது என்று பார்த்துக் கமரா வாங்குகிறார்கள். கனடாவிலுள்ள மகள் பார்ப்பதற்குத்தானே, 60 வாங்கலாம் என்பார்கள். பிழை. மகளின் கைப்பேசிக்கு எதுவும் சரி. சரிவராதது நம் மண்டபத்து விளக்கு. எந்த விளக்கின் கீழ் எடுக்கப்போகிறீர்களோ அதற்குத்தான் கமரா வாங்கவேண்டும். உள்ளூர்த் தொலைக்காட்சிக்குத் துண்டு கொடுக்கும் எண்ணம் இருந்தாலும் 50தான்.

ஜப்பான் கமரா மலிவாக வந்தால் ஒரு செய்தி: அங்கே டோக்கியோப் பக்கம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், ஒசாக்காப் பக்கம் 60. தொலைக்காட்சி நாடு முழுக்க 60. டோக்கியோக்காரருக்கும் நம் நோய்தான், அவர்களும் 1/100இல்தான் தப்புகிறார்கள். ஆனால் மெனு ஜப்பானிய மொழியில் மட்டும் இருக்கக்கூடும். அந்த 1/100ஐ எப்படித் தேடுவீர்கள் என்று முதலில் யோசியுங்கள்.

மாமா அங்கிருந்தே வாங்கி வருகிறேன் என்று அடம்பிடித்தால், பணம் கொடுக்குமுன் பதிவுத் தர மெனுவையும் மின்னேற்றியின் அடியையும் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். இங்கே கடையில் என்றால், கமராவை இயக்கிக் கடையின் ரியூப் விளக்கு வெளிச்சத்தில் வெள்ளைச் சுவரைப் பத்து செக்கன் எடுங்கள். கடைக்காரர் முகம் சுளிக்கலாம், பரவாயில்லை.

மாமாவின் கமராவை நான் விற்கவில்லை. புறாத்தீவுக்குப் படகில் போகும்போது அதைத்தான் எடுத்துப் போகிறேன். வெயிலுக்கு ஹேர்ட்ஸ் கிடையாது.